நிறுத்தச் சொன்னால் நின்றுவிடுமா?

கூடங்குளத்தில் குடியிருக்கிறவனிடம் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏதாவது ஒண்ணுன்னா அந்த உலையை ஒரு பட்டனை அழுத்தி நிறுத்திர முடியுமா?" நான் ஓய்வு பெற்று 2011 கடைசியில் மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தேன். இடிந்தகரையில் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். டீக்கடையிலும் இதே கேள்வி, கல்யாண வீட்டிலும் இதே கேள்வி. "முடியும்" என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் உலைக்குப் போகும் முன் ஒரு வாழைத் தோட்டத்துக்கும், ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் உங்களை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பழைய புதுச்சேரிக் கதைகளையும் ஆபீஸ் கதைகளையும் படிக்க வருகிறவர்கள் கம்ப்யூட்டர் என்றதும் எழுந்து போய்விட வேண்டாம். ஆபீஸ் கதை இதிலும் இருக்கிறது.

என் மருமகனின் அண்ணனுக்குச் சேரன்மகாதேவி பக்கம் இரண்டு ஏக்கர் வாழை. கால்வாயில் தண்ணீர் வராத நாட்களுக்கென்று ஒரு போர்வெல், அதில் நீர்மூழ்கி மோட்டார், சொட்டுநீர்க் குழாய். தோட்டத்தை இரண்டு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. முதல் பாகத்துக்கு ஒரு மணி நேரம், பிறகு இரண்டாவது பாகத்துக்கு ஒரு மணி நேரம். என் பேரன் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரியில் செய்து காட்ட வேண்டிய புராஜெக்டுக்கு இந்தத் தோட்டத்தையே எடுத்துக்கொண்டான். உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் ஒன்றை மோட்டார் ரூமில் வைத்து, மோட்டாரையும் வால்வுகளையும் அதனோடு இணைத்து, பெரியப்பாவின் செல்போனிலிருந்து 'ஓடு', 'நில்' என்று குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை செய்யும்படி சி மொழியில் புரோகிராம் எழுதினான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பொழுது போக அவன் புத்தகத்தை வைத்து நானும் சி படித்தேன். 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி. இன்றைக்கும் சின்ன இயந்திரங்களுக்குள் அதுதான் ஓடுகிறது. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவனுக்கு அதன் இலக்கணம் பெரிய மலைப்பாகத் தெரியவில்லை. ஓர் அரைப்புள்ளி தவறினாலும் மன்னிக்காத மொழி அது. எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அப்படித்தான்.

தோட்டத்தில் ஒரு மாதம் எல்லாம் நன்றாக ஓடியது. ஒருநாள் சாயங்காலம் மருமகனின் அண்ணன் போன் செய்தார். "மாமா, உங்க பேரன் மெஷின் பொய் சொல்லுது" என்றார்.

நடந்தது இதுதான். ஃபில்டரில் மண் அடைத்திருந்தது. அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். அவர் வீட்டிலிருந்தபடியே 'நில்' என்று செய்தி அனுப்பினார். அடுத்த நொடியே 'நிறுத்தப்பட்டது' என்று பதில் வந்துவிட்டது. தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவருக்கு, "மோட்டார் நின்னுட்டு, கழத்துங்க" என்று போனில் சொன்னார். நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிற சத்தம் மேலே கேட்காது. பெரியவர் ஃபில்டர் மூடியில் ஸ்பானரை வைத்தவர், பழக்கத்தில் பக்கத்திலிருந்த பிரஷர் மீட்டரைப் பார்த்திருக்கிறார். முள் சிவப்புக் கோட்டையும் தாண்டி நின்றிருக்கிறது. அப்படியே ஸ்பானரை எடுத்துவிட்டு, மோட்டார் ரூமுக்கு ஓடி ஸ்டார்ட்டரை அணைத்திருக்கிறார். மூடியைத் திருகியிருந்தால் அது முகத்தில் பாய்ந்திருக்கும்.

மோட்டார் நிற்கவில்லை. இரண்டு வால்வுகளும் மூடியிருந்தன. தண்ணீருக்குப் போக வழியில்லை. ஆனால் செய்தி மட்டும் 'நிறுத்தப்பட்டது' என்று வந்திருந்தது.

பேரன் அன்று ராத்திரியே புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கண்டுபிடித்ததை, எனக்குப் புரிந்த ஆபீஸ் மொழியில் சொல்கிறேன்.

ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் அதைப் பல 'த்ரெட்'களாகப் பிரிப்பார்கள். இழை என்று தமிழில் சொல்லலாம். ஒரே செக்‌ஷனில் நாலு கிளார்க்குகள் உட்கார்ந்திருப்பது போல. எங்கள் புரோகிராமில் ஒருவர் மண்ணின் ஈரத்தைப் பார்ப்பவர், ஒருவர் மோட்டாரையும் வால்வுகளையும் இயக்குபவர், ஒருவர் நாளின் கணக்கைக் கூட்டுபவர், ஒருவர் போன் செய்தியைக் கவனிப்பவர். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு பதிவேடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் கிறுக்கலாகிவிடும் என்பதால் பதிவேட்டை அலமாரியில் பூட்டி, ஒரே ஒரு சாவி வைத்திருப்பார்கள். அந்தச் சாவிக்கு 'மியூட்டெக்ஸ்' என்று பெயர். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் எழுதலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கிளார்க்கின் வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு சி-யில் 'பித்ரெட் கேன்சல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1995-ல் போசிக்ஸ் என்ற தரநிலையில் இழைகளுக்கான விதிகளை வகுத்தபோது இதையும் சேர்த்தார்கள். இதில் இரண்டு விதம். ஒன்று, சொன்ன நொடியில், கிளார்க் எந்த வரியில் இருந்தாலும், நாற்காலியோடு தூக்கி வெளியே போடுவது. இன்னொன்று, சொல்லிவைத்துவிட்டு, அவர் ஒரு தோதான இடத்துக்கு வரும்வரை விடுவது. எதுவும் சொல்லாவிட்டால் இரண்டாவது விதம்தான் நடக்கும். பேரன் வேண்டுமென்றே முதல் விதத்துக்கு மாற்றியிருந்தான்.

"சொன்ன ஒடனே நிக்கணும்லா தாத்தா, அதான் அப்படி வச்சேன்" என்றான்.

அன்றைக்கு 'நில்' வந்த நொடியில் மோட்டார் கிளார்க் முதல் வால்வை மூடிவிட்டு, "முதல் வால்வு மூடப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது வால்வை இன்னும் திறக்கவில்லை. அந்த இடத்தில் அவரைத் தூக்கிவிட்டார்கள். பதிவேட்டின் சாவி அவர் சட்டைப்பையோடு போய்விட்டது. மோட்டாரை அணைக்க வேண்டிய ஆளும் அவர்தான். ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்று பேரும் அடுத்து ஏதாவது எழுதப் போனபோது, வராத சாவிக்காக ஒருவர் பின் ஒருவராகக் காத்து நின்றார்கள். அதனால்தான் அதற்குப் பிறகு அனுப்பிய 'நில்' எதற்கும் பதிலே வரவில்லை.

சரி, 'நிறுத்தப்பட்டது' என்ற அந்த முதல் பதில் எப்படி வந்தது? இங்கேதான் எனக்குப் பிரெஞ்சு உதவியது.

2009-ல் பாரிஸுக்கு வெளியே இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. இறங்க வேண்டியவர் கம்பியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் முன்னால் ஒரு விளக்கு எரியும்: 'அரே தெமாந்தே'. நிறுத்தம் கேட்கப்பட்டது என்று அர்த்தம். நிறுத்தப்பட்டது என்று அல்ல. 'தெமாந்தே' என்ற அந்தச் சொல் முடிந்த வினையாக இருந்தாலும், முடிந்தது கேட்பது மட்டும்தான். பஸ் அதன் வேகத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். அடுத்த நிறுத்தத்தில், ஓரம் கட்டி, கதவைத் திறந்த பிறகுதான் இறங்க முடியும். நம் ஊரிலும் அதேதான். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் டிரைவர் நடுரோட்டில் பிரேக்கை மிதிப்பதில்லை. விசில் கண்டக்டர் கையில் இருக்கிறது, பிரேக் டிரைவர் காலில் இருக்கிறது.

'பித்ரெட் கேன்சல்' கட்டளை திரும்பி வந்து "சரி" என்று சொன்னால், கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்த இழை நின்றதா, எந்த நிலையில் நின்றது, கையில் எதை வைத்திருந்தது என்பது அதற்குத் தெரியாது. பேரனின் புரோகிராம் அந்த "சரி"யை வாங்கிய கையோடு 'நிறுத்தப்பட்டது' என்று செய்தி அனுப்பிவிட்டது. விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கச் சொன்னது போல.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. காலை 11 மணிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். வந்த நிமிஷத்தில் எழுந்து போன கிளார்க்கை நான் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடிப்பார். கேஷ் புத்தகத்தைக் கூட்டி இருப்பைச் சரிபார்ப்பார். பாதியில் நிற்கும் ஃபைல்களுக்குப் பட்டியல் போடுவார். கடைசியாக எடுத்ததை முதலில் திருப்பி வைப்பார். காலையில் முதலில் வாங்கிய அலமாரிச் சாவியைக் கடைசியில்தான் கொடுப்பார். சார்ஜ் ஒப்படைப்புத் தாளில் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதன் பிறகு எல்.பி.சி. என்கிற கடைசிச் சம்பளச் சான்று புது ஆபீஸுக்குப் போகும். அது போய்ச் சேராமல் அங்கே சம்பளம் ஏறாது. பிரெஞ்சு நிர்வாகத்திலும் இதே போல, பழைய இடத்தில் சம்பளம் நிறுத்தப்பட்டதற்கு ஒரு சான்று உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் குமாஸ்தாக்களின் புத்தி ஒன்றுதான்.

போசிக்ஸ் விதியின் இரண்டாவது விதம் கிட்டத்தட்ட இந்தச் சார்ஜ் ஒப்படைப்பேதான். நிறுத்தக் கோரிக்கை வந்தாலும் இழை தன் பாட்டுக்கு வேலையைத் தொடரும். சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தலையை உயர்த்திப் பார்க்கும்: உள்ளே வரும் தகவலுக்காகக் காத்திருக்கும்போது, தூங்கும்போது, அடுத்தவர் முடிக்கட்டும் என்று நிற்கும்போது. அந்த இடங்களில் கோரிக்கை இருந்தால் கிளம்பத் தயாராகும். கிளம்பும் முன், "நான் போனால் இவற்றைச் செய்" என்று முன்கூட்டியே எழுதிவைத்த சுத்தப்படுத்தும் வேலைகள், கடைசியில் எழுதியது முதலில் என்ற வரிசையில் நடக்கும். சாவியைத் திருப்பிக் கொடுப்பது, வாங்கிய நினைவிடத்தை விடுவிப்பது, மோட்டாரை அணைப்பது எல்லாம் அதில் வரும்.

அதிலும் கவனிக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. அலமாரிச் சாவிக்காகக் காத்திருப்பது அந்தத் தலையுயர்த்தும் இடங்களில் சேராது. வெறுமனே கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் இழை ஒருபோதும் தலையை உயர்த்தாது, நடுநடுவே "யாராவது கூப்பிட்டார்களா?" என்று கேட்கும் வரியை நாமாக எழுதிவைக்க வேண்டும். எந்த வரியில் கிளம்பிப் போகும் என்பதை எழுதியவனே ஒவ்வொரு வரியாக யோசித்து வைத்திருக்க வேண்டும். அதனால் அனுபவப்பட்டவர்கள் பலரும் இந்தக் கட்டளையையே தொடாமல், நிறுத்தச் சொல்வதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். பேரனும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தான்.

நாலு நாள் உட்கார்ந்து அவன் செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். புரோகிராம் எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

முதலாவது, எல்லா இழைகளும் பார்க்கும் இடத்தில் ஒரு கொடி. 'நில்' வந்தால் கொடி ஏறும். ஒவ்வொரு இழையும் ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் கொடியைப் பார்க்கும். சாதாரண எண் ஒன்றைக் கொடியாக வைத்தால், ஒருவர் ஏற்றியது இன்னொருவர் கண்ணில் படும் என்பதற்கு மொழி உத்தரவாதம் தருவதில்லை. 'வாலட்டைல்' என்று ஒரு சொல்லைப் பக்கத்தில் போட்டால் போதும் என்று பல பேர் நினைக்கிறார்கள், போதாது. 2011-ல் வந்த சி தரநிலையில் இதற்கென்றே 'அட்டாமிக்' என்ற வகை இருக்கிறது. அதைத்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தூங்கும் இழையை எழுப்புவது. மோட்டார் இழை ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்கிறது. அது கண்ணை மூடித் தூங்கினால் கொடி ஏறியது தெரியாது. ஆகவே, "ஒரு மணி நேரம் ஆகட்டும், அல்லது யாராவது கூப்பிடட்டும்" என்று காத்திருக்கும்படி மாற்றினான். இதில் ஒரு நுணுக்கம்: கொடியை ஏற்றுபவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால், அவன் கொடியைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிற அந்த இடைவெளியில் நாம் கொடியை ஏற்றிக் கூப்பிட்டும் முடித்திருப்போம். அவன் அதற்குப் பிறகு படுத்து, முழு ஒரு மணி நேரமும் தூங்குவான்.

மூன்றாவது, செய்திக்காக வாசலில் காத்திருக்கும் இழை. அதை எழுப்ப, அந்த வாசலையே வெளியிலிருந்து இன்னொருவர் மூடிவிடலாம் என்று முதலில் யோசித்தான். அது ஆபத்து. வாசல்களுக்கு வெறும் எண்தான் அடையாளம். மூடிய எண்ணை வேறு ஃபைலுக்கு உடனே கொடுத்துவிடுவார்கள். பழைய குடித்தனக்காரருக்கு வந்த கடிதத்தைப் புதுக் குடித்தனக்காரர் பிரித்துப் படித்த கதையாகிவிடும். அதனால் இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் கவனிக்கும்படி வைத்தான். ஒன்று செய்தி வரும் வாசல். இன்னொன்று எழுப்புவதற்கென்றே வைத்த சின்ன வாசல். அதில் ஓர் எழுத்து விழுந்தால் கிளம்பும் நேரம் என்று அர்த்தம்.

நாலாவது, வேலையின் வரிசை. முதல் வால்வை மூடிவிட்டு இரண்டாவதைத் திறப்பது என்பதை மாற்றி, இரண்டாவதைத் திறந்த பிறகே முதலாவதை மூடுவது என்று வைத்தான். இப்போது நடுவில் எந்த நொடியில் நின்றாலும் தண்ணீருக்கு ஒரு வழி இருக்கும். நிற்கும்போது மோட்டார் முதலில், வால்வு பிறகு. என்னைக் கேட்டால், செய்ததிலேயே பெரிய திருத்தம் இதுதான். புரோகிராமே தெரியாத தோட்டக்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஐந்தாவது, பதில் செய்தி. 'நில்' வந்ததும் 'கேட்டுக்கொண்டேன்' என்று ஒரு செய்தி. அதன் பிறகு ஒவ்வொரு இழையும் முடித்து வெளியே வரும்வரை புரோகிராம் காத்திருக்கும். 'ஜாயின்' என்று அதற்குப் பெயர். நம்முடைய எல்.பி.சி. மாதிரி. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் 'நின்றது' என்று இரண்டாவது செய்தி போகும்.

"எல்லாஞ் சரி, ஒருத்தன் மட்டும் வரவே மாட்டேங்கான்னா என்ன செய்வ?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்கு இரண்டு விஷயம் சொன்னான்.

ஒன்று, ஒரே செக்‌ஷனில் இருக்கும் கிளார்க்கைத்தான் தூக்கி வெளியே போடக் கூடாது. தனிக் கட்டடத்தில், தனி அலமாரியோடு இருக்கும் ஆபீஸையே மூடிவிடலாம். கம்ப்யூட்டரில் அதைத் தனிப் 'பிராசஸ்' என்பார்கள். அதைக் கொன்றால் அதன் நினைவிடம், திறந்து வைத்த ஃபைல்கள் எல்லாவற்றையும் இயங்குதளமே வாரித் திரும்ப எடுத்துக்கொள்ளும். பாதி எழுதிய ஃபைல் பாதியாகத்தான் கிடக்கும் என்பது உண்மை. ஆனால் அடுத்தவர் கேட்கும் சாவி அதன் பையில் இருக்காது. ஆகவே நம்ப முடியாத வேலையை, எப்போது வேண்டுமானாலும் கொல்ல வேண்டி வரலாம் என்கிற வேலையை, முதலிலேயே தனிப் பிராசஸாக வைத்துவிட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கும் சமிக்ஞை, கேட்காவிட்டால்தான் கொல்லும் சமிக்ஞை.

இரண்டு, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் புரோகிராம் இரண்டு நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தான். தட்டுவது நின்றால் ரிலே தானாக விழும், மோட்டார் அணையும். புரோகிராம் உறைந்து போனாலும், செத்துப் போனாலும், தட்ட ஆள் இல்லாததால் மோட்டார் நிற்கும். பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஓடும், கை விட்டால் நிற்கும் என்ற ஏற்பாடு.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு எங்கள் ஊர் உலையின் ஞாபகம் வந்தது. அங்கே இருப்பவை ரஷ்ய வடிவமைப்பான வி.வி.இ.ஆர். உலைகள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். முதல் உலை 2013 ஜூலையில் உயிர்பெற்று அக்டோபரில் மின்சாரம் தந்தது. இரண்டாவது 2016-ல். ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் மின்சாரம். அதற்காக உள்ளே உண்டாகும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை மின்காந்தம் மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டனை அழுத்தினாலும், கரண்டே போனாலும், பிடி விட்டு, தம் எடையிலேயே சில நொடிகளில் கீழே இறங்கிவிடும். தொடர்வினை நின்றுவிடும். பேரனின் ரிலேப் பெட்டியும் இதே ஜாதிதான்.

ஆக, பட்டனை அழுத்தினால் நிற்குமா என்றால், நிற்கும். இது பாதிப் பதில்.

மீதிப் பாதி என்னவென்றால், நின்ற பிறகும் உள்ளே சூடு உண்டாகிக்கொண்டே இருக்கும். பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வரும் சூடு அது. அதற்குச் சுவிட்ச் கிடையாது. நின்ற கையோடு முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம். அதாவது 200 மெகாவாட் அளவில். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதம் போல. ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் போல இருக்கும். அதுவே 15 மெகாவாட். இதை நாள் கணக்கில் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் பூகம்பம் வந்ததும் ஒழுங்காகத்தான் நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிரவைக்க ஆளில்லாமல், நின்றுபோன உலைகள்தான் உருகின. நிறுத்தும் வேலை நடந்தது. நிறுத்திய பின் செய்ய வேண்டிய வேலை நடக்கவில்லை.

கூடங்குளத்தில் இந்தப் பின்வேலைக்கென்று, பம்ப்பும் கரண்டும் இல்லாமல் இயங்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீராவி தானே மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தண்ணீராகித் தானே கீழே இறங்கும். யாரும் ஞாபகமாக வந்து செய்ய வேண்டியதில்லை. உலை கட்டும்போதே எழுதிவைத்த 'நான் போனால் இவற்றைச் செய்' பட்டியல் அது. இது இருப்பதால் எல்லாப் பயமும் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் பயப்படுகிறவரும் தைரியம் சொல்கிறவரும் பட்டனைப் பற்றி மட்டும் பேசினால் இருவருமே விஷயத்தின் பாதியைத்தான் பேசுகிறார்கள். சூடு எப்படி வெளியே போகிறது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கம்ப்யூட்டர் உலகமும் இதை அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஜாவா என்ற மொழியில் ஓர் இழையை வெளியிலிருந்து நிறுத்தும் 'ஸ்டாப்' கட்டளை ஆரம்பத்தில் இருந்தது. அதில் கோளாறு வேறு மாதிரி. ஆளைத் தூக்கும்போது சாவியை வாங்கி மாட்டிவிடும். ஆனால் பதிவேடு பாதி எழுதியபடி கிடக்கும். அடுத்தவர் அதை முழுசு என்று நம்பி எடுத்துப் படிப்பார். 1998-லேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். பல வருஷம் கழித்து, கூப்பிட்டாலும் வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டார்கள். 2011 சி தரநிலையில் இழைகளைத் தொடங்க, காத்திருக்க எல்லாவற்றுக்கும் கட்டளை வைத்தார்கள். வெளியிலிருந்து நிறுத்தும் கட்டளையை மட்டும் வைக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் சி நூலகத்திலும் 'பித்ரெட் கேன்சல்' கிடையாது.

சேரன்மகாதேவித் தோட்டத்தில் இப்போது 'நில்' அனுப்பினால் 'கேட்டுக்கொண்டேன்' உடனே வந்துவிடுகிறது. 'நின்றது' வர பத்துப் பன்னிரண்டு நொடி ஆகிறது. வால்வு மெதுவாகத்தான் மூடும். "முன்னால எல்லாம் ஒடனே வந்துரும், இப்ப லேட்டாகுது" என்று மருமகனின் அண்ணன் முதல் வாரம் குறைப்பட்டுக்கொண்டார். "முன்னால வந்தது பொய்யி பெரியப்பா, இது நெசம்" என்றான் பேரன். அவர் மறுபேச்சு பேசவில்லை.

தோட்டத்துப் பெரியவரிடம் இரண்டு செய்திகளுக்கும் வித்தியாசத்தை நான்தான் விளக்கினேன். பஸ் விசிலைச் சொன்னதும் புரிந்துகொண்டார். "சரி அண்ணாச்சி, ரெண்டாவது செய்தி வந்தபெறகுதான் ஸ்பானரை எடுப்பேன். ஆனா முள்ளையும் ஒருக்கா பாத்துக்கிடுதேன்" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.